பனியில் பெயர் எழுதியவர்கள்

படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில்
இரண்டு அங்குலக் கோடு.
ஒரெஸ்தே பெர்த்தோலா அதில்
'ஓய்வு' என்று எழுதிவிட்டுப்
பேனாவைத் திருப்பித் தந்தார்.

அதற்கு முன்னால்? என்றேன்.
வங்கிக் காவலாளி, பதினோரு வருடம்.
அதற்கும் முன்னால்?
சன்னலைப் பார்த்தார்.
தூரினுக்கு வடக்கே அன்று மலைகள் எல்லாம்
கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களாகத் தெரிந்தன.
'சாயத்தில்' என்றார்.
சாய ஆலையில் என்றுகூட இல்லை.
சாயத்தில்.

தொழில்நோய் இழப்பீட்டுப் பிரிவு
மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது.
சிறுநீர்ப்பைக்காரர்கள் ஏறி வந்ததும்
முதலில் கேட்பது கழிவறை.
சாவியை என் மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.

தூள் அரைக்கும் கூடம், இருபத்திரண்டு வயது.
முகமூடி தந்தார்களா?
சிரித்தார்.
ஒரு கைக்குட்டை இருந்தது, அதுவும் சொந்தக் காசு.
மதிய ரொட்டியில் ஊதா விரல்ரேகை.
சனிக்கிழமை நடனத்தில்
ஒருத்தியின் வெள்ளைச் சட்டை முதுகில்
ஐந்து விரலும் பதிந்து
ஊரே சிரித்தது.
அவள்தான் தெல்ஃபீனா.
இதோ, வெளியே பெஞ்சில்,
மடிப்பையை இறுக்கிக்கொண்டு.

குளிர்காலத்தில் ஐந்து நிமிட இடைவேளை.
ஆலையின் பின்சுவரோரம் வரிசையாக நின்று
பனியில் பெய்வார்களாம்.
அரைப்பவன் சிவப்பு.
உலர்த்துபவன் குங்குமப்பூ மஞ்சள்.
மூட்டை கட்டுபவனுக்கு நிறமே இல்லை,
அவனைக் கேலி செய்வார்கள்.
செக்கோந்தோ தன் முழுப்பெயரையும் எழுதுவான்,
கடைசியில் புள்ளியும் வைப்பான்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லையா?
'வலிக்கவில்லையே.'

ஆலை மூடியது. இடித்தார்கள்.
இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன.
முப்பத்து நான்கு வருடம் கழித்து
ஒரு மார்ச் காலை,
வெள்ளைப் பீங்கானில் அந்தப் பழைய சிவப்பு.
வலி இல்லை.
அவர் பயப்படவும் இல்லை.
உள்ளே எங்கோ தேங்கிய சாயம்
இப்போதுதான் இறங்குகிறது என்று நினைத்தார்.
'பொய் சொல்லமாட்டேன், கொஞ்சம் சந்தோஷம்கூட.
செக்கோந்தோ ஞாபகம் வந்தது.'
யாரிடமும் சொல்லாமல்
தண்ணீரை இழுத்துவிட்டார்,
எட்டு மாதம்.

சிகரெட்டுக்குப் படிவத்தில் அரைப்பக்கம்:
நாளுக்கு எத்தனை, எந்த வயதிலிருந்து,
விட்டது எப்போது.
நிறுவனத்தின் வழக்கறிஞர் அங்கேதான் விரல் வைப்பார்.
புகைத்தேன் என்கிறார் ஒரெஸ்தே,
அந்த விரல்களால்தான் புகைத்தேன்.
புகையும் தூளும் இறங்கியது ஒரே பைக்குள்.
எதன் பங்கு எவ்வளவு என்று
கூறுபோட்டுத் தர எனக்குத் தெரியாது.
எந்த மருத்துவரும்
அவர் ஒருவரை மட்டும் பார்த்துச்
சொல்லப்போவதுமில்லை.

சம்பளப் பேரேடு வெள்ளத்தில் போனதாம்.
சாட்சி உண்டா என்றேன்.
செக்கோந்தோ போய்விட்டான்.
எதில்?
தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார்.
மூட்டை கட்டிய அந்த நிறமில்லாதவன் மட்டும்
நீஸில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறானாம்,
கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை.

அப்போதுதான் தெல்ஃபீனா உள்ளே வந்தாள்,
யாரும் கூப்பிடவில்லை.
பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள்:
ஒரு தலையணை உறை.
துவைத்துத் துவைத்து நூல் தெரிகிறது.
நடுவில், தலை வைத்த இடத்தில்,
வியர்வையில் ஊறிய ரோஜா நிற வட்டம்.
'விருந்தாளி வந்தால் ஒளித்து வைப்பேன்' என்றாள்.
எந்தச் சாயமும் ஒருநாள் வெளுத்துப்போகும் என்பார்கள்.
நான் துணியைத் தொட்டுவிட்டு,
பிறகு, அவள் பார்க்காதபோது,
கையைத் துடைத்துக்கொண்டேன்.

கோடு போதவில்லை.
தனித்தாள் ஒன்று சேர்த்து எழுதினேன்:
இணைப்பு ஒன்று, துணி.

ஒரெஸ்தே சாவி கேட்டார்.
தாழ்வாரத்தில் கதவு சாத்தும் சத்தம்.
தண்ணீர் இழுக்கும் சத்தத்துக்காக
நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம்.
வெகுநேரம் அது வரவில்லை.
'இப்போதெல்லாம் பார்க்கிறார்' என்றாள்.